ஒரம்பரை லைன்

— பொட்டி ஒன்னேதானுங்கப்பா. வைஃபைதான் ரெண்டாப் பிரிச்சிருக்கேன். ஆபீஸ் ஆளுங்களுக்கு ஒன்னு, வாரவங்க போறவங்களுக்கு ஒன்னு.

— அந்த ரெண்டாவதுல வந்தா நம்ம லாரி வாடகை ரேட்டு தெரியாதா, மது?

— நெட்டு மட்டுந்தானுங்க கெடைக்கும். நம்ம கம்ப்யூட்டருக்குள்ள எட்டிப் பாக்க முடியாது.

— அப்பச் செரி. போன வாரம் அந்தப் புரோக்கரு நம்ம சோபாவுல உக்காந்து, நம்ம டீயக் குடிச்சுக்கிட்டே ரேட்டப் பாத்து, அம்மாபேட்டை ஜவுளி லோடக் கொத்திட்டுப் போயிட்டானே!

— வந்தவங்களுக்கெல்லாம் பாஸ்வேர்டக் குடுத்தது நீங்கதானுங்க.

— கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா சாமி? செரி, இப்ப ஆளப் பிரி.

— டிரைவர் செங்கோடண்ணன்?

— நம்ம ஆளு. உள்ள போடு.

— டயர்க் கடைக்காரரு?

— ஒரம்பரை. விருந்தாளிங்களையெல்லாம் அக்கட்டப் போடு.

— ஒரம்பரைன்னே அந்த லைனுக்குப் பேரு வச்சரட்டுங்களா?

— வையி, வையி. நல்லாத்தான் இருக்குது.

— தம்பி?

— சபரியா? அவன் மொதலாளி ஊட்டுப் பையன். இதையெல்லாங் கேக்கோணுமா? உள்ளதான்.

— அவன் இந்த ஆபீசுப் படியேறி ரெண்டு பொங்கல் ஆச்சுங்க. செரி, போட்டாச்சு. அடுத்து என்ற போனு.

— டீ சொல்லட்டுமா சாமி?

— அப்பா, என்ற போனு.

— தையில கண்ணாலம். அப்பறம் நீ எருமப்பட்டிக்காரி. வந்தாப் போனா… ஒரம்பரைதான கண்ணு?

— காலேஜ் முடிச்சதுலிருந்து இங்க லோடு புக்கிங் பாக்கறது நானுங்க. கண்ணாலம் ஆனா அது மறந்து போயிருங்களா?

— இல்லைன்னனா? தை பொறந்தா அந்தச் சேரு சும்மா கெடக்குமேன்னு நெனச்சா எனக்குச் சோறே எறங்கறதில்ல.

— அப்பறம் ஏனுங்க? நான் தெனமும் வந்துட்டுப் போறேன். ஸ்கூட்டர்ல வந்தா எவ்வளவு தூரம்?

— தூரமா பிரச்சனை? கட்டிக் குடுத்த பொண்ண வேலைக்குக் கூப்புட்டா மாப்பள ஊட்ல என்ன நெனைப்பாங்க? அவங்க மூஞ்சிய நான் பாக்கோணுமில்ல? அவங்க மட்டும் செரின்னா நானா வேண்டாங்கப் போறேன்?

— எருமப்பட்டி அத்தைகிட்ட ஞாயித்துக்கெழமையே கேட்டுட்டனுங்கப்பா. தாராளமாப் போயிட்டு வா சாமின்னுட்டாங்க. வேண்டாங்கறது இப்ப நீங்க ஒருத்தருதானுங்க.