நாயின் காலில் இருந்த கடிகாரம்

ஆய்வாளர் ஐயாவுக்கு, இந்த நேரத்தில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல், இப்போதுதான் மடியை விட்டு இறங்கினாள்.

என் பெயரும் முகவரியும் காலையில் நிலையத்தில் குறித்துக்கொண்டார்கள். வயது இருபத்தாறு. இலக்கியத்தில் பட்டம் பெற்றவள். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் கார் ஓட்டுநரின் மனைவி. பாட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது உங்கள் எழுத்தர், "பாட்டெல்லாம் வேணாம்மா, வாட்ச் எங்க, அதைச் சொல்லு" என்றார். வாட்ச் அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. அதனால் நானே எழுதித் தருகிறேன்.

சென்ற ஞாயிறு முதலாளியம்மா வீட்டு நாய்க்குப் பிறந்தநாள். "நம்ம செல்லத்தைப் பத்தி நாலு வரி பாடும்மா, என்னையும் சேர்த்துக்க" என்று கூப்பிட்டிருந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். நாய்க்கு மெத்தை போட்டிருந்தார்கள், எனக்கு நிற்க ஓரம் காட்டினார்கள். அதன் பிறகு அம்மா தன் தங்கக் கடிகாரத்தைக் கழற்றி நாயின் முன்காலில் கட்டிப் படம் எடுக்கச் சொன்னார். அதன் பிறகு நான் பாடினேன். அங்கேயே கட்டியது:

மணிபார்க்கத் தெரியாத மாளிகைச் செல்லத்தின்
பணிவான முன்காலில் பொற்கடிகை பூட்டினையே!
வேளைக்குச் சோறின்றி வேலையாள் நிற்கையிலே
நாளைக்கு நாய்க்கென்ன நகையென்பாய், மாதரசே!

"மாதரசே" என்றதும் கைதட்டினார்கள். இன்னொரு தரம் பாடச் சொன்னார்கள். அதற்குள் நாய் கடிகாரத்தோடு பின்தோட்டத்துக்கு ஓடிவிட்டது, யாரும் பின்னால் போகவில்லை. அதன் பிறகு அம்மா பாட்டை எழுதி வாங்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

புதன்கிழமை வந்த விருந்தாளி ஒருவர் அதைப் படித்துச் சிரித்து அர்த்தம் சொல்லியிருக்கிறார். சமையற்கார அக்கா போன் செய்து, "உன் பாட்டு அம்மா மண்டையில இறங்கிடுச்சு கண்ணு, இனி உன் வீட்டுக்காரர் தலைதான் உருளும்" என்றார். அன்று மாலைதான் அம்மாவுக்குக் கடிகாரம் காணாமல்போனது ஞாபகம் வந்தது, என் வீட்டுக்காரர் எடுத்தார் என்று புகாரும் கொடுத்தார்.

ஓட்டுநர் படி தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அவருக்குத் தண்ணீர்கூட ஜன்னல் வழியாகத்தான். பின்தோட்டத்துக்கு வீட்டுக்குள்ளேதான் வழி. நாய்க்கு மட்டும் தடையில்லை. அது கவ்வியதையெல்லாம் செம்பருத்தியடியில் புதைக்கும். செருப்பும் ரிமோட்டும் அங்கிருந்து தோண்டி எடுத்தவர் தோட்டக்காரர், அவரைக் கேளுங்கள்.

பாடியவள் நான். அது குற்றமென்றால் என்னை அழையுங்கள், பிள்ளையோடு வருகிறேன். பாட்டிலும் பொய் இல்லை, இதிலும் இல்லை என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)

விடிந்ததும் குழந்தையை டாக்டரிடம் தூக்கிப்போக என் வீட்டுக்காரர் வேண்டும். சீக்கிரம் பதில் தாருங்கள்.