மூக்குத்தூள் டப்பி

உங்கள் கதிரை நல்ல கதிரை, ஐயா. எங்கள் டிஸ்பென்சரியில் எனக்குள்ள கதிரைக்கு மூன்று கால்தான் சுகம். நாலாவது காலுக்கு ஜமால்தீன் ஒரு செங்கல் வைத்திருக்கிறான். இத்தனை வருடமும் அந்தச் செங்கல்லை நம்பித்தான் நான் வைத்தியம் பார்த்தேன்.

ஜமால்தீனை உங்களுக்குத் தெரியும். எங்கள் சிற்றூழியன். அலுமாரி துடைக்கும்போது கடைசி அட்ரினலின் ஊசிமருந்தைத் தான் விழுத்தி உடைத்துவிட்டதாகவும், அதனால்தான் வீரகத்தியின் மனைவி அன்னபாக்கியத்தைக் காப்பாற்ற முடியாமல் போனதாகவும் நேற்று இந்த விசாரணையில் சொன்னவன். அது பொய். அவன் கையிலிருந்து ஒரு பஞ்சுத் துண்டுகூட விழுந்ததை நான் கண்டதில்லை. அவனுடைய வேலையை எடுத்துவிடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதுதான் கூப்பிடாமலே வந்தேன்.

சனம் என்னை டொக்டர் ஐயா என்று கூப்பிடும். நான் வெறும் அப்போதிக்கரி, டொக்டருக்கு ஒரு படி கீழே. முள்ளியவளையிலிருந்து காட்டுப்பாதையில் உள்ளே வந்தால் எங்கள் ஊர். அங்கே எனக்கு மேலே ஒருவரும் வருவதில்லை. ஆகவே நான் திருத்தவில்லை. யானை அடித்தவன், பாம்பு கடித்தவன், பிள்ளை குறுக்கே கிடக்கிற பெண், எல்லாரும் என் மர வாங்கில்தான் வந்து கிடப்பார்கள். அலுமாரியில் மருந்து இருக்கிற நாளில் மருந்து கொடுப்பேன். இல்லாத நாளில் பகிடி சொல்லுவேன். பகிடிக்குக் கொழும்புக்கு எழுதத் தேவையில்லை.

அன்னபாக்கியம் செத்ததற்கு முதற் குற்றவாளி ஒரு பகிடிதான். பெற்றவன் நான்.

பெனிசிலின் ஊசி எங்கள் பக்கம் வந்த புதிதில் ஒரு கமக்காரனுக்குப் போட்டேன். உடம்பு தடித்து, சொறியச் சொறியக் கடிக்கிறதென்று பயந்து திரும்பி ஓடி வந்தான். ஆளைத் தேற்றவேண்டுமே. "கடிச்சால் மருந்து வேலைக்கு வந்திட்டுது எண்டு அர்த்தம். அரசாங்கத்திலை ஒழுங்கா வேலைக்கு வாற ஒரே ஆள் அதுதான்" என்றேன். வாங்கு முழுக்கச் சிரித்தது. அவனுக்குத் தடிப்பும் வற்றியது.

அந்தப் பகிடி என்னைவிட வேகமாக ஊரைச் சுற்றியது. அரிவு வெட்டுகிற வயலிலும் கிணற்றடியிலும் அது வைத்தியமாகிவிட்டது. பிறகு, கடிக்காத ஆட்கள் என்னோடு சண்டைக்கு வந்தார்கள்.

"எனக்கு ஒரு சொறியும் இல்லை. தண்ணியை ஏத்திப்போட்டுப் பேய்க்காட்டுறீரோ?"

ஊசிக்குப் பிறகு உடம்பு தடித்தால், அந்த ஆளுக்கு அந்த ஊசியை மறுபடி போடக்கூடாது. அது எனக்குத் தெரியும். ஊருக்குச் சொல்ல நினைத்தேன். ஆனால் ஒரு பகிடியை எழுந்து நின்று மறுத்துப் பேசியவனை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

அன்னபாக்கியத்துக்கு வெட்டுக்கத்தி காலிலே பட்டுச் சீழ் கட்டியிருந்தது. வீரகத்தி சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். நான் பெனிசிலினை ஊசியில் இழுத்துக்கொண்டிருக்க அவள் சொன்னாள்:

"போன முறை போட்ட ஊசி வலு திறம் ஐயா. உடம்பெல்லாம் தடிச்சுக் கடிச்சுது. அடுத்த நாளே நோ மாறிட்டுது."

கேட்டேன். நன்றாகவே கேட்டது. வாசல்வரை சனம். கையில் நிறைந்த ஊசி. போட்டுவிட்டேன்.

வாசற்படிவரை போனவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். "ஐயா, ஆள் வேலைக்கு வந்திட்டார்." உதடு வீங்கியிருந்தது. கழுத்திலே தடிப்பு. குரல் கட்டியிருந்தது. அடுத்தது மூச்சு இழுக்கும், நாடி நூலாகும், குளிர்ந்து வேர்க்கும். எல்லாம் அந்த ஒழுங்கிலேயே வந்தன. நான் ஒன்றையும் தவறவிடவில்லை, ஐயா. அதில் என்னைப் பிழை சொல்ல முடியாது. வாங்கில் கிடத்தினேன். காலை உயர்த்தினேன். சேலையைத் தளர்த்தினேன். இனிச் செய்ய ஒரேயொரு வேலைதான் இருந்தது. அட்ரினலினைப் போடவேண்டும்.

ஜமால்தீன் அலுமாரியைத் திறந்தான். பெட்டி வெறும் பெட்டி. அவன் திரும்பி என் சட்டைப்பையைப் பார்த்தான்.

என் சட்டைப்பையில் ஒரு மூக்குத்தூள் டப்பி இருக்கும். நான் மூக்குத்தூள் போடுவதில்லை. ஊரிலே பாதிப்பேர் எனக்கு நல்ல தூள் வாங்கித் தருகிறார்கள், எல்லாம் வீண். டப்பிக்குள்ளே பஞ்சு, பஞ்சுக்குள்ளே ஒரு அட்ரினலின். ஜமால்தீனுக்கு மட்டும்தான் தெரியும்.

என் மகள் கமலாசனிக்கு முட்டு வருத்தம், மூச்சு அடைத்தால் அவளுக்கும் இந்த ஊசிதான். தாயில்லாப் பிள்ளை. ஒரு மாரியில் குளவி கொட்டிய ஒருவனுக்கு இருந்த கடைசி ஊசியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள் நீலம் பாய்ந்து கிடந்தாள். என் கையில் ஒன்றுமில்லை. முதுகைத் தடவினேன். கோப்பி காய்ச்சிக் கொடுத்தேன். பிறகு பக்கத்தில் இருந்து பகிடி சொன்னேன். அவள் மூச்சுக்காக இழுத்த இழுப்பில் கட்டில் ஆடியது. நான் குரங்கு மாதிரி முகத்தைக் கோணிக் காட்டிக்கொண்டிருந்தேன். பிழைத்தாள், என்னாலல்ல.

அன்றைக்குப் பிறகு என் டப்பி வெறுமையாக இருந்ததில்லை. முல்லைத்தீவிலிருந்து புது மருந்து வந்தால் புதிது டப்பிக்கு, டப்பியிலிருந்த பழையது அலுமாரிக்கு. யாரும் கேட்கவில்லை. நல்ல தகப்பன் ஒருவன் செய்கிற காரியம் என்றுதான் நினைத்தேன்.

ஜமால்தீன் என் காதடியில் வந்து மெதுவாகச் சொன்னான்:

"தாங்கோ ஐயா. பிள்ளை இப்ப நெளுக்குளத்திலை எல்லோ. கலியாணம் முடிச்சுப் போன நாள்தொட்டு முட்டே வரேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னியள். வந்தாலும் வவுனியா பெரியாஸ்பத்திரி சைக்கிள் தூரம்."

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் டப்பியை எடுத்தேன். எடுத்து, மூடியில் விரலை வைத்தேன். கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது, ஐயா. என் டிஸ்பென்சரியில் கட்டில் கிடையாது.

"பொறு, கால் சூடாகுது" என்றேன்.

கால் சூடாகவில்லை.

வீரகத்தி சைக்கிளைப் பிடித்தபடி யன்னலால் எட்டிப் பார்த்தான். "மருந்து பிடிச்சிட்டுதோ ஐயா?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவனைத் தேற்றவேண்டுமே.

அன்னபாக்கியம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச முடியவில்லை, ஆனாலும் ஒரு பகிடியை எதிர்பார்க்கிற பார்வை. எனக்கு ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரேயொரு நேரம் அதுதான். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மற்றக் கையில் டப்பி. நாடி நின்றபின்னும் இரண்டையும் விடவில்லை.

வீரகத்தி என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "நீங்கள் செய்யாத ஒண்டு இல்லை ஐயா" என்றான். ஜமால்தீன் வெளியே போய் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து அவனுக்கு என்னோடு பேச்சில்லை. ஆனால் நேற்று உங்களிடம் வந்து பழியைத் தன் தலையில் போட்டிருக்கிறான். செங்கல் வைத்துப் பழகியவன். அவனை விட்டுவிடுங்கள்.

பகிடி சொன்னது நான். தடிப்பு வந்ததென்று கேட்டபின்னும் ஊசி போட்டது நான். காப்பாற்றுகிற மருந்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைச் சாகவிட்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

இதோ டப்பி. திறந்து பாருங்கள், உடையவில்லை. அன்றைக்குத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது, ஆளைத் தூக்கிக்கொண்டு போனபிறகு பார்த்தேன். இப்போது வெக்கையில் சாடையாகத் தேத்தண்ணி நிறம். நிறம் மாறிய மருந்தைப் போடக்கூடாது என்று ஜமால்தீனுக்குப் படிப்பித்ததும் நான்தான்.

ஆனாலும் ஐயா, உங்கள் வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தந்துவிடுங்கள். சித்திரை வருடப்பிறப்புக்குக் கமலாசனி வருகிறாள். முட்டுக்காரப் பிள்ளை வருகிற வீட்டில் ஒரு மருந்தாவது இருக்கவேண்டும்.