காட்டுவதற்கு ஒரு நஷ்டம்

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேனா கொண்டுவருவதில்லை. அதனால் மேசைமேல் எப்போதும் மூன்று பேனா வைத்திருப்பேன். மாதத்துக்கு ஒன்றாவது காணாமல் போகும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

புவான் இன்ஸ்பெக்டர், இந்த வாக்குமூலத்தை நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்றபோது நீங்கள் மறுக்கவில்லை. நன்றி. முப்பத்தோரு வருடம் நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். யாரோ ஒருவர் அழுதுகொண்டே சொல்வதை அழாமல் இன்னொரு மொழியில் சொல்வதுதான் என் வேலை. ஓய்வுபெற்ற பிறகு சத்தியப் பிரமாண ஆணையராக நியமனம் வாங்கினேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாகையாவின் போட்டோஸ்டேட் கடையில் பாதி இடத்தை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்தேன். வருகிறவர் தன் வாக்குமூலம் உண்மை என்று என் முன்னால் சத்தியம் செய்வார். நான் கையெழுத்திட்டு முத்திரை குத்துவேன். ஆள் வராத நேரத்தில் புத்தகம் படிப்பேன். பேச்சு எனக்கு அதிகம் பிடிக்காது.

போன வருடம் ஆகஸ்டில், மோட்டார் சைக்கிளுக்குக் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர் விவரங்கள் வெளியே போயின. பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண், வண்டி எண், வீட்டு முகவரி எல்லாம் ஒரே பட்டியலாக வாட்ஸ்அப்பில் சுற்றியது. நிறுவனம் வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் ஆட்கள் என் கடைக்கு வந்தார்கள்.

"என்ன பாஸ், கோர்ட்டையே எங் கடைக்குள்ள எறக்கிட்டீங்களா?" என்றார் நாகையா. "எனக்குக் காப்பி எடுக்கவே எடம் இல்ல லா."

நான் அவர்களிடம் முத்திரைக் கட்டணம் வாங்கவில்லை. செய்ய வேண்டியதை ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னேன். முதலில் போலீஸ் ரிப்போர்ட். அடுத்து நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். பிறகு தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார். பட்டியலில் தங்கள் பெயர் இருக்கும் பக்கத்தை அச்செடுத்து, வாக்குமூலத்தோடு இணைத்து, அதிலும் என் முத்திரையை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஒழுங்கை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பல வருடம் நீதிமன்றத்தில் நின்றவனுக்கு எந்தக் காகிதம் எங்கே தேவைப்படும் என்று தெரியும்.

நாற்பத்தெட்டு பேரின் காகிதங்களைக் கட்டி, பங்சாரில் அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர் செல்வகுமாரிடம் கொண்டுபோனேன். அவர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்.

"அங்கிள், கமிஷனர் அபராதம் போட்டாலும் அது கவர்மெண்டுக்குத்தான் போகும். இவங்களுக்கு ஏதாவது கெடைக்கணும்னா கவனக்குறைவுன்னு சிவில் கேஸ் போடணும். போட்டா முதல் கேள்வியே, என்ன நஷ்டம்? இதுல ஒருத்தருக்காவது நஷ்டம் இருக்கா?"

"எல்லோரும் பயந்து போயிருக்கிறார்கள்."

"பயந்தேன்னு சொன்னா ஜட்ஜ் பாவம்னு சொல்வார். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல லா. இந்த லிஸ்ட்டால நெஜமா அடிபட்ட ஒரே ஒரு ஆளக் காட்டுங்க. மிச்ச நாப்பத்தேழு பேரையும் அது பின்னாலயே இழுத்துட்டுப் போயிடலாம்."

அந்த நாற்பத்தெட்டு பேரில் ஒருவர் தனலெட்சுமி.

அவரைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரியும். ஆனால் என் கடையில் அவர் எப்படி உட்காருவார் என்று தெரியாது. வாசலைப் பார்க்கிற நாற்காலியில்தான் உட்காருவார். பையை மடியிலிருந்து இறக்க மாட்டார். தெருவில் லோரி ஏதாவது நின்றால் பேச்சு பாதியில் நிற்கும். அது கிளம்பிப் போன பிறகுதான் மீதி வாக்கியம் வரும். அந்த இடைவெளிகளில் நானும் பேசாமல் இருப்பேன். எனக்கு அது பழக்கம்.

அவருடைய கணவர் யுகேந்திரன் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். மூன்று வருடத்துக்கு முன்னால் தனலெட்சுமியின் தோள் எலும்பை உடைத்தார். எங்கே போனாலும் கண்டுபிடிப்பேன் என்று சொன்னார். தனலெட்சுமி மேருவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒளிந்திருந்து, கிள்ளானில் பேரங்காடி ஒன்றில் பொட்டலம் கட்டும் வேலை செய்தார். வேலைக்குப் போக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதற்குத்தான் கடன். பட்டியலில் மேரு முகவரியைப் பார்த்த அன்றே துணிமணியைக் கட்டிக்கொண்டு காஜாங்கில் ஓர் அறைக்கு மாறிவிட்டார். மோட்டார் சைக்கிளையும் விட்டுவிட்டார், அதன் எண்ணும் பட்டியலில் இருந்ததால். தினமும் ரயிலில் வந்து, என் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, கிள்ளான் ரயில் பிடித்து வேலைக்குப் போனார். அப்படி மாறுகிற இடைவேளையில்தான் என்னிடம் வருவார்.

"இப்ப யாரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பறதில்ல அங்கிள்," என்றார் ஒரு முறை. "என்னைத்தானான்னு நெனைக்கறதுக்குள்ளயே காலு நடக்க ஆரம்பிச்சிடுது."

வாக்குமூலம் எழுதும்போது ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"இப்ப இருக்கற அட்ரஸ் போட்டே ஆகணுமா அங்கிள்? மேருவையே போட்டா?"

"இப்போது குடியிருக்கிற முகவரிதான்மா போட வேண்டும். பொய் முகவரி போட்டுவிட்டு உண்மை என்று சத்தியம் செய்ய முடியாதில்லையா?"

"யாரு பாப்பாங்க இத?"

"நானும் வழக்கறிஞரும்தான்."

எழுதினார். எழுதிய பிறகு அந்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டே மீதியை எழுதினார். அந்த நேரம் கடையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

வீடு மாறிய செலவையே நஷ்டமாகக் காட்டலாமா என்று செல்வகுமாரிடம் கேட்டேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். "அவங்களா பயந்து மாறினாங்கன்னு சொல்லுவான் கம்பெனிக்காரன். யாராவது தேடி வந்தாங்களா? வரல." நிறுவனத்தின் பதில் கடிதமும் அதையே சொன்னது. தனலெட்சுமிக்கு நேரடி இழப்பு எதுவும் ஏற்பட்டதாகத் தெரியவில்லையாம்.

புவான், நானும் பயந்த மனிதன்தான். நீதிமன்றத்தில் எத்தனையோ பேர் உண்மையைச் சொல்லி, அதைக் காட்ட எதுவும் இல்லாமல் தோற்றுப் போவதைப் பார்த்திருக்கிறேன். தள்ளுபடி என்ற சொல்லை அவர்கள் முகத்தைப் பார்த்து அவர்கள் மொழியில் சொன்னவன் நான். இன்னும் நாற்பத்தெட்டு முறை அதைச் சொல்ல வேண்டியிருக்குமோ என்ற பயம் எனக்கு இருந்தது. இரண்டு வாரம் யோசித்தேன். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

யுகேந்திரன் எந்த லோரி நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்பது தனலெட்சுமியின் வாக்குமூலத்திலேயே இருந்தது. கசிந்த பட்டியல் என் கணினியில் இருந்தது. அதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, தனலெட்சுமியின் வரியில் மேருவை அழித்துவிட்டுக் காஜாங் முகவரியைப் போட்டேன். அச்செடுத்து, அனுப்புநர் பெயர் இல்லாமல், அந்த லோரி நிறுவனத்தின் முகவரிக்கு யுகேந்திரன் பெயரிட்டுத் தபாலில் சேர்த்தேன். மேரு முகவரியை அப்படியே அனுப்புவதா என்றும் யோசித்துப் பார்த்தேன். யுகேந்திரன் அங்கே போய் வேறு யாருடைய கதவையோ தட்டிவிட்டுத் திரும்பியிருப்பார். அது நஷ்டமாகாது.

அவர் வருவார், கத்துவார், கதவை உதைப்பார் என்று கணக்கிட்டேன். அக்கம்பக்கத்தார் கூடுவார்கள், போலீஸ் ரிப்போர்ட் எழுதப்படும், பட்டியலைப் பார்த்துத்தான் வந்தேன் என்று அவரே சொல்வார். அவ்வளவு போதும். தபாலில் சேர்ப்பதற்கு முதல் நாள் தனலெட்சுமியிடம் கதவுக்கு இன்னொரு பூட்டு வாங்கிப் போடச் சொன்னேன். நல்ல பூட்டாக நானே வாங்கிக் கொடுத்தேன். "எங்க அப்பா இருந்தா இப்படித்தான் செஞ்சிருப்பாரு அங்கிள்," என்றார்.

யுகேந்திரன் கதவைத் தட்டவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவருக்காக மாடிப்படித் திருப்பத்தில் பாராங் கத்தியோடு காத்திருந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தனலெட்சுமி முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கியிருக்கிறார். அந்தக் கையில் இப்போது மூன்று விரல் இல்லை. கழுத்தில் விழுந்தது ஆழமில்லை என்று டாக்டர் சொன்னார்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார்.

"லிஸ்ட்டுல காஜாங் இல்லையே அங்கிள். அவருக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

"வேறு ஏதாவது லிஸ்ட்டில் இருந்திருக்கும்மா," என்றேன்.

புதிய வாக்குமூலத்தைத் தயார் செய்து எடுத்துப் போயிருந்தேன். படித்துக் காட்டினேன். அவரால் கையெழுத்துப் போட முடியவில்லை. இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி, தாளில் நானே பிடித்து வைத்தேன். முதல் பதிவு கலைந்துபோனது. இன்னொரு தாள் எடுத்தேன்.

செல்வகுமார் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "இப்பக் கேஸ் இருக்கு அங்கிள்," என்றார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். நான் அனுப்பிய தாளை யுகேந்திரனின் லோரியிலிருந்து நீங்கள் எடுத்தீர்கள். அதன் நகல் செல்வகுமாருக்குப் போனது. அவர் அதைத் தனலெட்சுமியின் முதல் வாக்குமூலத்தோடு இணைத்த பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். இணைத்த பக்கத்தில் மேரு, அதன்மேல் என் முத்திரை. லோரியில் கிடைத்ததில் காஜாங். நான் கற்றுக்கொடுத்த ஒழுங்கை நானே மறந்துவிட்டேன். அத்தனை வருட அனுபவத்தில் இது ஒரு தவறு.

இரண்டு தாளையும் என் மேசையில் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டேயிருந்தார்.

"காஜாங் அட்ரஸ் யாருக்கெல்லாம் தெரியும் அங்கிள்?"

"தனலெட்சுமிக்கு. உங்களுக்கு. எனக்கு."

"நான் அனுப்பல," என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. ஏனென்று அப்போது எனக்குப் புரியவில்லை. நாகையா இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமாம் புவான், அனுப்பியது நான்தான். ஒரே ஆள், ஒரே தாள். யாரும் என்னைத் தூண்டவில்லை. நிறுவனம் இனித் தப்பித்துவிடும் என்று செல்வகுமார் சொல்கிறார். அந்த நாற்பத்தேழு பேருக்காக வருந்துகிறேன். ஆனால் தனலெட்சுமிக்கு இப்போது குறையொன்றும் இல்லை. நஷ்டம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, பொறுப்பாளி எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறான். என் அனுபவத்தில் இவ்வளவு முழுமையான வழக்கை நான் பார்த்ததில்லை. அவருக்காகத்தான் செய்தேன் என்பதை இதைவிட எப்படி நிரூபிப்பது?

இதை அவரிடம் நேரில் விளக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து அவரை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். தாதியைக் கேட்டேன், சொல்லவில்லை. செல்வகுமார் என் அழைப்பை எடுப்பதில்லை. நீங்களும் இரண்டு முறை பேச்சை மாற்றிவிட்டீர்கள். அவர் இப்போது எங்கே தங்கியிருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள். நான் போய்ச் சொன்னால் புரிந்துகொள்வார். என்னிடம் அவருக்கு என்றைக்கும் பயம் இருந்ததில்லை.