முன்சீட்டுச் சூடு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. நாளெல்லாம் ஏலச்செடிக்குள் குனிந்து கிடந்த இடுப்பு... சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். காலை நீட்டுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கரண்டு வரும்வரை ஒன்று சொல்கிறேன். நடுவில் தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள்... தூங்க முடிந்தால்.

அந்திநேரம். விளக்குப் போடலாமா வேண்டாமா என்று டிரைவர்கள் யோசிக்கிற வேளை. கம்பம்மெட்டு இறக்கம். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமில்லை... வெறும் மஞ்சு மூட்டம். ஒரே ஒரு ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னேயும் வண்டி இல்லை, பின்னேயும் வண்டி இல்லை.

அந்த ஜீப்பை ஓட்டிவந்தவன் கர்ணன். என் சிநேகிதி மாரீஸ்வரியின் தம்பி. கம்பத்திலிருந்து கேரளத்துத் தோட்டத்துக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப் போய், சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவான். அன்றைக்கு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பழைய டீசல் வண்டி. இன்ஜினில் எரிந்த புகை முதலில் வந்து விழுகிற இரும்புக் குழாயை மேனிபோல்டு என்பார்கள். மலை மெட்டு ஏறினால் அது கங்காய்க் காயும். அந்தக் காந்தல் தகரத்தைத் தாண்டி, முன்சீட்டில் இருப்பவர் பாதத்தில் அடிக்கும். அந்தச் சீட்டு கருத்தம்மாளுடையது. வயசாளி, பின்னால் இடிபட்டு உட்கார முடியாது. தினமும் ஒரு சாக்கை நனைத்துக் கொண்டுவந்து காலுக்குக் கீழே போட்டுக்கொள்வாள். மெட்டு முடிவதற்குள் அது காய்ந்துவிடும். வண்டி முழுக்க வெந்த சணல் வாடை.

"ஏலே கர்ணா, கால் வேகுதுடா. அந்தக் குழாய்க்கு என்னமோ துணி சுத்துவாகளாமே. சுத்தேன்டா."

"சீசன் முடியட்டும் ஆத்தா."

"எந்தச் சீசன்டா? ஏலக்காச் சீசனா, என் சீசனா?"

ஜீப்பே சிரிக்கும். கர்ணனும் சிரிப்பான். ஏலக்காய்ச் சீசன் முடிந்து அடுத்த சீசனும் வந்தது. மழையில் காய்ச்சல் கண்டு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சாக்கு மட்டும் வண்டியில் கிடந்தது. கர்ணன் அதை ஒரு வளைவில் பள்ளத்துக்குள் வீசினான்.

பிறகு அந்தச் சீட்டில் அவன் மனைவி ஹேமாவதி உட்கார்ந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்தும் வேலைக்குப் போனாள். போகாமல் முடியுமா? பாதம் சிவந்து வீங்கி வந்ததைப் பார்த்த மறுநாளே கர்ணன் தேனிக்கு ஓடினான், குழாய்க்குத் துணி சுற்ற.

"பொண்டாட்டி கால்னாத்தான் சுடும்போல," என்றாள் பின்சீட்டுத் தேவயானி.

மெக்கானிக் ஜஸ்டின் நார்த்துணியைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டே சொன்னான். "மொதல்ல கொஞ்ச நாளு புகையும், நாத்தமும் வரும். பயந்துறாதீக. ஆனா டீசல் பம்புகிட்ட கசியுது பாருங்கண்ணே. அதை அடைச்சிட்டுத்தான் சுத்தணும். துணி டீசலக் குடிச்சுச்சுன்னா விளக்குத் திரிதான்."

"அதுக்கு வண்டி ஒரு நாள் நிக்கணுமே தம்பி. தோட்டத்துக்காரன் வேற ஜீப்பைக் கூப்பிட்டுக்குவான். இப்பச் சுத்திவிடு. ஞாயித்துக்கிழமை வந்து அடைச்சுக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுல இருப்பேனே."

"அப்ப அடுத்த வாரம்."

சுற்றினார்கள். முன்சீட்டுச் சூடு நின்றது. ஹேமாவதி அன்றைக்குத்தான் செருப்பில்லாமல் கால் ஊன்றி உட்கார்ந்தாள்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அந்த அந்தி. கேரளப் பக்கத்து ஏற்றத்தை முக்கி முக்கி ஏறி, மெட்டைத் தாண்டி இறங்க ஆரம்பித்தது வண்டி. பின்னால் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். கர்ணனுக்கும் கண் எரிந்தது.

ஒரு வாடை வந்தது... புதுத்துணி புகைகிறது என்று நினைத்தான். ஜஸ்டின்தான் சொல்லியிருந்தானே. வளைவு திரும்பினான். வாடை கூடியது. துணி இல்லை... சணல். நனைத்த சணல் வேகிற வாடை.

திரும்பிப் பார்த்தான். ஹேமாவதி இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கி மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புள்ள, கால் சுடுதா?"

"இல்லையே."

"பெறகு ஏன் மடக்கியிருக்க?"

"நீங்கதான மடக்கச் சொன்னீக?"

"நான் வாயே தெறக்கலையே..."

அவள் கால் இருந்த இடத்தில், தகரத்து ஓட்டை வழியாக, புஸ்ஸென்று தீ உள்ளே வந்தது.

கர்ணன் வண்டியைப் பாறையில் உரசி நிறுத்தினான். பின்னால் இருந்தவர்கள் குதித்துவிட்டார்கள். ஆனால் பாறை ஹேமாவதியின் பக்கத்து வழியை அடைத்துக்கொண்டது. டிரைவர் பக்கமாக வரலாமென்றால் நடுவே கியர் கம்பி, ஸ்டீயரிங்... அந்த வயிறு நுழையவில்லை.

பானெட்டைத் திறந்தான். துணி திரியாகவே எரிந்தது. தேவயானியும் மற்றவர்களும் மண்ணை அள்ளிப் போட்டார்கள், குடிதண்ணீரைக் கவிழ்த்தார்கள். அணையும்... டீசல் சொட்டும்... மறுபடி பிடிக்கும். உள்ளே ஹேமாவதி கத்துவதை நிறுத்திவிட்டு இருமத் தொடங்கினாள்.

துணியைக் கிழித்தெடுத்தால்தான் உண்டு. வலது கையால் பானெட்டைத் தாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, இடது கையைத் தீக்குள் விட்டுக் குழாயைப் பிடித்தான்.

வேகவில்லை.

குழாய்க்கும் அவன் உள்ளங்கைக்கும் நடுவே இன்னொரு கை இருந்தது. ஈரமாக... சில்லென்று... காய் பறித்துப் பறித்துக் காய்த்துப்போன விரல்கள். அந்தக் கை துணியைப் பற்றியது. அவன் கை அதன்மேல் இருந்தது. இரண்டும் சேர்ந்து இழுத்தன. துணி மொத்தமாகக் கழன்று ரோட்டில் விழுந்து எரிந்தது.

வண்டியைத் தள்ளி ஹேமாவதியை இறக்கினார்கள். கர்ணன் கையை விரித்துப் பார்த்தான். கரிதான். ஒரு கொப்புளம் இல்லை.

கசிவை அடைத்து, புதுத்துணி சுற்றி, ஜீப் இன்றைக்கும் ஓடுகிறது. பெண்குழந்தை பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. மாரீஸ்வரியிடம் மட்டும் அவன் ஒன்று சொல்லியிருக்கிறான்.

"அந்தக் கை இன்னும் விடலக்கா. கியர் போடுறப்ப குமிழ் என் கையில படுறதில்ல. நடுவுல அது இருக்கு. மொதல்ல உதறுனேன், கழுவுனேன், கோயிலுக்கும் போனேன். இப்ப உதறுறதில்ல. அலுத்துப்போச்சு. பாவம்... எங்கனயாச்சும் பிடிச்சுக்கட்டும்."

இன்னொன்றும் சொன்னானாம். பிள்ளையைத் தூக்கும்போதும் அப்படித்தான். அதன் முதுகுச் சூடு அவன் இடது கைக்கு இதுவரை வந்ததே இல்லையாம். அவனுக்கு முன்னால்... அந்தக் கை தூக்கிவிடுகிறது.

போதும், படுங்கள். உங்கள் வீட்டில் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். மலைக்குப் போன உங்கள் ஆட்கள் இருட்டுவதற்குள் இறங்கி வரட்டும். போனவர்கள் போனபடியே, ஆள் குறையாமல்... ஆள் கூடாமலும் வீடு வந்து சேரட்டும்.