மஞ்சள் கோட்டுக் கல்பூச்சி

கவுஸ் பாஷா: இந்தக் கல்லுக்கு அடியிலயும் ஒண்ணுமில்லயே, அல்போன்சு?

அல்போன்ஸ்: வெயிலுங்க சார்... உள்ள பூந்துக்கும். இன்னுங் கொஞ்சம் மேல போனா...

கவுஸ் பாஷா: காலைலேருந்து மேலதான் போறோம். இன்னும் போனா மலையே முடிஞ்சுரும்யா!

அல்போன்ஸ்: காலேஜு வாத்தியாருக்கு மூச்சு வாங்குதுங்களே!

கவுஸ் பாஷா: சிரிக்காத. போன மாசம் என் ஆராய்ச்சிக்குப் பாட்டில்ல பத்தொம்பது கல்பூச்சி அனுப்பினியே... இந்த ஓடைல புடிச்சதுதானே?

அல்போன்ஸ்: ...ஆமாங்க.

கவுஸ் பாஷா: அல்போன்சு... எங்கிட்டயா?

அல்போன்ஸ்: ...இல்லீங்க சார். இங்க எல்லாம் செத்து ரெண்டு வருசமாச்சு. மேல தக்காளி போட்டாங்க, மாரண்டஹள்ளி சந்தைக்கு. மருந்தடிச்ச டப்பாவ ஓடைலதான் கழுவுறது... நானுந்தான் கழுவினேன். ஒருநாள் விடிஞ்சு வந்து பாத்தா பூச்சியெல்லாம் மெதக்குது.

கவுஸ் பாஷா: அப்ப பாட்டில்ல வந்தது?

அல்போன்ஸ்: மலைக்கு அந்தாண்ட இருக்கற ஓடைங்க. போக வர எட்டு மைலு.

கவுஸ் பாஷா: ஒரு கடுதாசி போட்டிருந்தா உன்னக் கடிச்சா முழுங்கிருப்பேன்?

அல்போன்ஸ்: தருமபுரி ஜில்லாவுலயே எங்க ஓடைல மட்டுந்தான் இது இருக்குன்னு நீங்கதானே எழுதினீங்க? மாதா கோயில் பூசையில சாமியாரே பெருமையாச் சொன்னாருங்க. இப்ப இல்லேன்னா... நீங்க வரவே மாட்டீங்களே.

கவுஸ் பாஷா: போதும்யா, கீழ எறங்கலாம்.

அல்போன்ஸ்: கோவமா சார்? ஒரு வாய் தண்ணி குடிங்க. முன்னல்லாம் ரெண்டு கையாலயும் அள்ளிக் குடிப்பீங்களே!

கவுஸ் பாஷா: வேணாம்... நீயும் குடிக்காத.

அல்போன்ஸ்: அட, ஊரே இதத்தானுங்க குடிக்குது!

கவுஸ் பாஷா: எனக்கு மொதல் பாட்டில்லயே தெரியும், அல்போன்சு. இங்கத்துப் பூச்சிக்கு முதுகுல மஞ்சக் கோடு இருக்கும். நீ அனுப்பினதுக்கு இல்ல. இங்க செத்துப் போச்சுன்னு அப்பவே புரிஞ்சுது.

அல்போன்ஸ்: அப்புறம் ஏன் சார் கேக்கல?

கவுஸ் பாஷா: கட்டுரை அச்சுக்குப் போயிருச்சு. ஒரே ஓடைன்னு எழுதிட்டேன். இங்கயும் இல்லேன்னு தெரிஞ்சா டாக்டர் பட்டம் போயிருமேன்னு... வாய மூடிக்கிட்டேன்.

அல்போன்ஸ்: அது கெடக்கட்டுங்க. தண்ணிய ஏன் குடிக்கக் கூடாது?

கவுஸ் பாஷா: சுத்தமான தண்ணில மட்டுந்தான் அந்தப் பூச்சி உசுரோட இருக்கும். அது செத்தா... தண்ணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

அல்போன்ஸ்: இது... ரெண்டு வருசமாத் தெரியுங்களா?

கவுஸ் பாஷா: தெரியும்.

அல்போன்ஸ்: பூச்சிதான் செத்துச்சுன்னு நெனச்சேன் சார். எம்பொண்டாட்டி ராஜமேரி போன தை மாசம் போயிட்டா. மூணு மாசமா வயிறு எரியுது எரியுதுன்னா... நாந்தாங்க இந்தத் தண்ணிய மொண்டு மொண்டு அவ வாயில ஊத்தினேன்.