சில்லுதான் முதலில் வந்தது

இப்பத்தைய சனத்துக்குக் கதிரை மடிக்கத் தெரியாது, சுவாமி. படம் பார்க்க வருவார்கள், ரோல்ஸ் தின்பார்கள், எண்ணெய்க் கையைக் கதிரை முதுகில் துடைப்பார்கள், முடிந்ததும் லவாலில் தங்கள் வீடு தீப்பற்றினதுபோல எழும்பி ஓடுவார்கள். இன்றைக்குப் படம் முடியவுமில்லை. போகிற போக்கில் ஆளுக்கொரு தரம் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். தோளைத் தட்டின நேரத்துக்கு ஆளுக்கொரு கதிரையை மடித்திருக்கலாம்.

நீங்கள் அந்தப் படம் காட்டுகிற மெசினை ஆறுதலாய்ச் சுற்றி வையுங்கோ. நான் இதுகளை மடித்துக்கொண்டே சொல்கிறேன். பாவசங்கீர்த்தனம் கேட்கிற தொட்டிக்குள் எனக்கு மூச்சு முட்டும். இங்கே காற்று வருகிறது, வேறு ஆளும் இல்லை.

முதலில் ஒரு குறை. நீங்கள் படத்தை நிற்பாட்டியிருக்கக் கூடாது. அந்தத் தடியனின் கார்ச் சில்லு கழன்ற உடனே பாய்ந்து போய் வெளிச்சத்தைப் போட்டீர்கள். "அருமைராசா ஐயா, மன்னியுங்கோ, எனக்கு நினைவே வரேல்லை" என்றீர்கள். மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. சில்லுக் கழன்று மனுசியைப் பறிகொடுத்தவன் முன்னால் சில்லுக் கழலுகிற படம் போட்டுவிட்டோமே என்று உங்களுக்கு மனம் பதறியிருக்கும். நல்ல மனம்தான். ஆனால் இன்னும் ஒரு நிமிசம் விட்டிருந்தால் அந்தத் தடியன் எழும்பியிருப்பான்.

போன வருசமும் இதே உயிர்த்த ஞாயிறு ஒன்றுகூடலுக்கு இதே படத்தைத்தான் போட்டீர்கள். யாரோ வெள்ளைக்காரன் வீட்டு வாசலில் பழஞ்சாமானோடு கிடந்ததென்று சொன்னீர்கள். பேச்சில்லாத படம். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வேணும், எங்களுக்குத் தமிழ் வேணும் என்கிற சண்டை இல்லை. ஒரு கடலிலிருந்து மற்றக் கடல் வரைக்கும் கார் ஓட்டப் போட்டி. மகளின் கலியாணக் கேக்கைப் பின் சீற்றில் வைத்துக்கொண்டு ஒரு தடியன் ஓடுகிறான். வட்டத் தொப்பி போட்ட மெலிந்தவன் ஒருத்தன், தடியன் தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்து, அவனுடைய முன்சில்லு நட்டுகளைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போடுகிறான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மலையிறக்கத்தில் சில்லு தனியே உருள்கிறது, கார் குத்துக்கரணம் அடிக்கிறது. தடியன் வைக்கோற் போருக்குள்ளிருந்து எழும்பி, கோட்டுத் தூசியைத் தட்டி, தொப்பியை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு, ஒரு துண்டு கேக் தின்கிறான். சில்லு தன்பாட்டில் உருண்டு போய் எல்லாருக்கும் முதல் மற்றக் கடற்கரையில் சேருகிறது. அதற்கு மாலை போடுகிறார்கள்.

நீங்கள் சிரித்துச் சிரித்து அங்கி நுனியால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அன்றைக்கு மண்டபத்தில் சிரிக்காத ஆள் நான் ஒருத்தன்தான். நான் டொக்டர் சொல்வதை நம்புவதில்லை, பொலிசை நம்புவதில்லை, காலநிலை சொல்கிற பெட்டையை நம்புவதேயில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் கோயில் மண்டபத்தில், சுவாமியார் பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டு காட்டுகிற ஒன்றை நான் பொய்யென்று எடுக்கலாமோ?

நீங்கள் இங்கே புதுசு. றிகோ மாதாவிடம் போகிற பழைய முறை உங்களுக்கு முழுக்கத் தெரியாது. ஊரில் மடு மாதாவிடம் போனதுபோல ஆடி மாதத்தில் இங்கே றிகோவுக்குப் போகிறோம். காலமை பூசை, வாகனங்களுக்கு ஆசீர்வாதம், பிறகு வரிசையாய் வெளிக்கிடுவது. கோயில் வளவைத் தாண்டும் மட்டும்தான் அது யாத்திரை. நாற்பதாம் இலக்கப் பெருந்தெருவில் ஏறினால் அது ஓட்டப் போட்டி. முதலில் போகிறவனுக்கு மர நிழலில் வாகனம் விட இடம், தண்ணிக் குழாய்க்குக் கிட்ட அடுப்பு மூட்ட இடம். வாய் செபமாலை சொல்லும், கால் பெடலை மிதிக்கும். 'அருள்நிறைந்த மரியே' என்று தொடங்கி 'முந்தடா அவனை' என்று முடித்த ஆட்களை எனக்குத் தெரியும்.

நான் அந்தப் போட்டியில் சேருவதில்லை. ஏனென்றால் மாதா வருவது என் வான் வண்டியில். தொடக்கத்திலிருந்தே மாதாவின் சிலை, எங்கள் கோயில் சுருவம், என் முன்சீற்றில்தான், பெல்ற் போட்டு. என் மனுசி திரேசம்மா பின்சீற்றில். வலப்பக்கத்தாலே ஆறுதலாய்ப் போவோம்.

போன வருசம் யாத்திரைக்கு முந்தின ஞாயிறு சபைத் தலைவி யோசெப்பின் பூசை முடிய எல்லாருக்கும் முன்னால் கேட்டாள்: "அருமைராசா அண்ணை, பானை சட்டி எல்லாம் போய் இறங்கி, சோறும் வெந்தாப் பிறகுதான் மாதா வந்து இறங்கிறா. மாதா என்ன, பந்திக்கு வாற விருந்தாளியோ?"

சனம் சிரித்தது. அந்தத் தடியனுக்குச் சிரித்த அதே சிரிப்பு.

"இந்த வருசம் கிறகரி கொண்டு வரட்டும். புது வான், ஏசியும் கிடக்கு" என்றாள்.

கிறகரி எழும்பி, "அண்ணை சம்மதமெண்டால் மட்டும்" என்றான். நல்ல பிள்ளை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் நேரே நின்று சண்டை பிடித்திருந்தால் நான் அவனுடைய சில்லு நட்டில் கை வைத்திருக்க மாட்டேன்.

ஓம், நட்டுத்தான். உங்களுக்குச் சரியாய்த்தான் கேட்டது. மெசினை மேசையில் வையுங்கோ, விழுந்துவிடும்.

யாத்திரையன்று காலமை எல்லாரும் பூசையில் நின்றார்கள். சாமான் ஏற்ற ஒரு ஆள் வெளியில் வேணும், நான் நின்றேன். ஜான்-டலோன் சந்தையில் வாங்கின கத்தரிக்காய்ப் பெட்டிகளை ஏற்றினேன். பானைகளை என் வானில் கூரை மட்டும் அடுக்கினேன். மாதாவைக் கிறகரியின் முன்சீற்றில் ஏற்றினேன். பிறகு நட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய் அவனுடைய முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தினேன். அந்தத் தொப்பிக்காரன் முழுக்கக் கழற்றினான். நான் இளக்கினதோடு சரி. அவ்வளவுக்கு நான் கெட்டவன் இல்லை. நடுவில், உள்ளே அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற மணி கேட்டது. சாவியை நிலத்தில் வைத்து, சிலுவை போட்டு, தலை குனிந்து, பேந்துதான் மற்ற நட்டுக்குப் போனேன். பூசை நேரத்தில் கைபேசியைத் தடவுகிற ஆட்களைவிட நான் மரியாதையாய்த்தான் நின்றேன்.

என் எண்ணம் இதுதான். பெருந்தெருவில் கொஞ்சத் தூரம் போக வான் உதறும். கிறகரி ஓரங்கட்டுவான். நான் வருவேன், நிற்பாட்டுவேன், "என்ன தம்பி?" என்று கேட்பேன். மாதாவை என் முன்சீற்றுக்கு மாற்றுவோம். இதில் பாவம் எங்கே இருக்கிறது?

நீ லொறி ஓடினவன்தானே என்று உங்கள் முகம் கேட்கிறது. ஓடினேன், மன்னாரில் கனகாலம் ஓடினேன். முருங்கனுக்குக் கிட்ட ஒருக்கால் எங்கள் முதலாளியின் மற்ற லொறிக்குச் சில்லுக் கழன்று, ஓடினவனையும் கிளீனரையும் பாயில் சுற்றிக் கொண்டுவந்தோம். ஆனால் அது நெல் ஏற்றின லொறி. இது ஏசி போட்ட வான்.

பூசை முடிந்து நீங்கள் வந்து வாகனம் வாகனமாய்த் தீர்த்தம் தெளித்தீர்கள். கிறகரியின் முன்சில்லுக்கு ஒரு தெளிப்புக் கூடவே விழுந்தது. அப்போதுதான் திரேசம்மா வந்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் கிறகரி தம்பியின்ரை வானிலை வாறன். உங்கடை வானுக்கை வெக்கையிலை அவிய ஏலாது."

"எங்கடை வானிலை ஏறு" என்றேன்.

"மாதா எங்கையோ நான் அங்கை. இவ்வளவு வருசமும் அவவுக்குப் பின்னாலைதானே என்னை இருத்தினியள்?"

ஒரு விசயத்தை இரண்டாந்தரம் சொல்கிற ஆள் நான் இல்லை. அது அவளுக்கும் தெரியும். அவள் ஏறினாள், நான் கதவைச் சாத்தினேன். சரியாய்ப் பூட்டியிருக்கோ என்று இழுத்தும் பார்த்தேன்.

கிறகரியின் வானில் மிச்ச இடமெல்லாம் கத்தரிக்காய்ப் பெட்டி என்பதால் யோசெப்பினும் இன்னும் இரண்டு பெண்களும் என்னோடு வந்தார்கள். மாதாவைப் பறித்தவள் மாதாவின் சீற்றில் இருந்தாள். கிறகரி பெற்றோல் அடிக்க நின்றதால் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். பெரிய பாலம் தாண்டி, செபமாலையில் துக்க தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இடப்பக்கத்தாலே ஒரு சில்லு தனியே உருண்டு வந்து, எங்களை முந்திக்கொண்டு போனது. வடிவாய், நேராய், ஒரு அவசரமும் இல்லாமல்.

"ஐயோ அண்ணை, பாருங்கோ! படத்திலை மாதிரி!" என்று யோசெப்பின் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். பின்கண்ணாடியை மறைத்துக்கொண்டு பானைகள் நின்றன. பின்னால் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. நானும் சிரித்தேன். அந்தப் படத்துக்கு எனக்குச் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். செபமாலைக்கு நடுவில், அதுவும் துக்க தேவ இரகசியத்தில், சிரித்துவிட்டேன். அது ஒரு வருசமாய் மனதில் கிடந்து உறுத்துகிறது.

ஏன் நிற்பாட்டவில்லை என்று கேட்கிறீர்கள். பெருந்தெருவில் சடாரென்று நிற்பாட்டுவது ஆபத்து, சுவாமி. பின்னால் வருகிறவன் வந்து மோதுவான். பக்கக் கண்ணாடி இருந்தது, ஓம். ஆனால் நான் முன்னுக்குப் பார்த்து ஓடுகிறவன். மற்ற வாகனங்கள் எல்லாம் பின்னால் அங்கே மறிபட்டு நிற்க, அந்த வருசம் றிகோவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது என் வான்தான். மர நிழலில் விட்டேன். அடுப்பை மூட்டி, உலை கொதிக்கிற நேரம்தான் பொலிஸ்காரன் வந்து தொப்பியைக் கழற்றினான். கிறகரியின் வான் புரண்டதென்றும், திரேசம்மா பள்ளத்துக்குள்ளேயே முடிந்துவிட்டாள் என்றும், பிரெஞ்சில் சொன்னான். யோசெப்பின்தான் தமிழில் சொன்னாள். அவளுக்கு அன்றைக்குப் பிறகு சிரிப்பே இல்லை.

கிறகரிக்குக் கால் போனது. மே மாதம் குளிர்காலச் சில்லைக் கழற்றி வெயில்காலச் சில்லுப் பூட்டினது அவன்தான், தன் வீட்டு முற்றத்தில், தன் கையால். அதனால் பொலிசுக்கும் சந்தேகம் வரவில்லை, சனத்துக்கும் வரவில்லை, அவனுக்கும் வரவில்லை. ஊன்றுகோலோடு என் வீட்டுப் படி ஏறி வந்தான். "அண்ணை, நான்தான் அக்காவைக் கொன்றுபோட்டன். நட்டை வடிவாய் இறுக்கேல்லை" என்று காலில் விழப் பார்த்தான். நான் பிடித்துத் தூக்கினேன். மன்னித்தேன். நானும் கிறிஸ்தவன்தானே. இப்போது அவன் வாகனம் தொடுவதில்லை, நித்திரையில் நட்டு இறுக்குகிறானாம். அவன் மனுசி ஞாயிறு தோறும் எனக்குச் சோறு அனுப்புகிறாள். உப்புக் கொஞ்சம் கூட, மற்றும்படி குறையில்லை.

நீங்கள் சொல்வது விளங்குகிறது. "கிறகரியிட்டைச் சொல்லுங்கோ ஐயா, பொலிசிட்டைப் போங்கோ, நான் கூட வாறன், அவன் ஒவ்வொரு நாளும் செத்துக்கொண்டிருக்கிறான்" என்கிறீர்கள். யோசித்துப் பாருங்கோ. நான் போய் உண்மையைச் சொன்னால், நான் அவனுக்குக் கொடுத்த மன்னிப்பு என்ன ஆகிறது? கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற பழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை. பொலிசுக்கு நான் என்ன சொல்வது? படத்தில் கண்டதைச் செய்தேன், படத்தில் ஆள் எழும்பினான், இங்கே எழும்பவில்லை என்றா? அதற்கு நீங்களுமல்லவா சாட்சி சொல்ல வரவேண்டும்.

இன்னொரு விசயம். மாதாவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை, புதுமை, அற்புதம் என்று நீங்கள் பிரசங்கம் வைக்கிறீர்கள். ரொறன்ரோவிலிருந்தும் சனம் வந்து மெழுகுதிரி கொளுத்துகிறது. அதை நிற்பாட்டுங்கோ. கோயிலில் பொய் சொல்லக் கூடாது. அங்கே புதுமையும் இல்லை, கிதுமையும் இல்லை. அன்று காலமை வீட்டிலிருந்து இரண்டு தலையணை கொண்டுவந்து, முன்னுக்கொன்று பின்னுக்கொன்று வைத்து, பஞ்சுப் போர்வையால் சுற்றி, லொறிச் சரக்குக் கட்டுகிறமாதிரிக் கயிறு போட்டு, மேலே நீலச் சேலையைப் போர்த்தினது நான். ஒரு தலையணை திரேசம்மாவுடையது. காலமை முழுக்க அதைத் தேடித் திரிந்தாள்.

ஏன் கட்டினீர்கள் என்றோ கேட்கிறீர்கள்?

என்ன கேள்வி இது, சுவாமி. மாதா பிளாஸ்ரர். உடைகிற சாமான். விழுந்தால் எழும்பித் தூசி தட்டமாட்டா.

சரி. கதிரை எல்லாம் மடித்தாயிற்று. நீங்கள் இருக்கிறதை மட்டும் எழும்பினாப் பிறகு நீங்களே மடித்து வையுங்கோ. பாவமன்னிப்பு சிரித்ததற்கு மட்டும் தந்தால் போதும், அதையும் ஆறுதலாய்ப் பேந்து தாங்கோ. பொலிசுக் கதையை எனக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை. நான் கேட்டுவிட்டேன், எனக்கு அது சரியாய்ப் படவில்லை. குளிருது, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போறன்.

மிச்சப் படத்தைத் தனியே ஒருக்கால் போட்டுப் பாருங்கோ. அவன் எழும்புவான்.