கீழே பூஜ்யம்

— ஏங்க, பன்னண்டாவது கேள்விக்கு இந்தப் பொண்ணுக்கு மட்டும் கடைசி ரெண்டு மார்க்கை ஏன் வெட்டினீங்க?

— "தீர்வு இல்லை"ன்னு எழுதினா வெட்டாம மாலையா போடுவாங்க டீச்சரம்மா? விடை ரெண்டு. விடைக்குறிப்பு தயாரிச்சதே நான்தான். முதல்ல ஜன்னலைச் சாத்து. நம்ம வாலுப் பொண்ணு தெரு பூரா "நான்தான் முதல் ரேங்க்"னு கத்திக்கிட்டிருக்கு.

— நீங்கதானே காலையிலேயே சொல்லி ஏத்திவிட்டீங்க. சரி, இது யார் பேப்பர்?

— நம்ம வாலு வகுப்புதான். கடைசி பெஞ்ச் ஊமைக்கோட்டான். ஒரே மார்க்கில பெயில்.

— பாவங்க. வழியாவது சரியா இருக்கா?

— அதெல்லாம் கச்சிதம். ஒண்ணுக்குக் கீழே x−2, அதோட கூட்டல் மூணுக்குக் கீழே x+2, சமக்குறிக்கு அந்தப் பக்கம் நாலுக்குக் கீழே அது ரெண்டையும் பெருக்கினது. மூணுக்கும் பொதுவான பகுதியைப் பிடிச்சு, ரெண்டு பக்கமும் பெருக்கி, பின்னத்தையே ஒழிச்சுக் கட்டிட்டா. 4x−4=4. x ரெண்டு. அதோட பேனாவை மூடியிருந்தா முழு மார்க்.

— மூடலையே. அடுத்த வரியைப் படிங்க.

— "x இரண்டு என்றால் முதல் பின்னத்தின் கீழே..."

— ம்?

— இரும்மா. ரெண்டுல ரெண்டு போனா... அடக் கடவுளே!

— பூஜ்யத்தால வகுக்காதேன்னு தொண்டை கிழியக் கத்துவீங்களே சார்.

— கத்தினவனே கோட்டை விட்டுட்டேன். ரெண்டு வந்ததும் எல்லாரும் குஷியா எழுந்துட்டோம். இவ மட்டும் அந்த ரெண்டை முதல் வரிக்கே கூட்டிட்டுப் போய் வச்சுப் பார்த்திருக்கா. கைக்கு வந்த விடையை வேண்டாம்னு தள்ள எவ்வளவு நெஞ்சுரம் வேணும்! எனக்குப் புல்லரிக்குதும்மா.

— அப்போ?

— முழு மார்க். பாஸ். நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல நானே சொல்லிடறேன். ரெண்டுன்னு எழுதினவங்க எல்லாருக்கும் கடைசி ரெண்டு மார்க் கட்.

— எல்லாருக்குமா?

— ஒருத்தர் விடாம. ஏன் இழுக்கறே?

— இல்லைங்க... நம்ம வாலுக்கு முதல் ரேங்க் ஒரே மார்க்கிலதானே? ரெண்டாவதா வந்தவ இந்தக் கேள்வியைத் தொடவே இல்லைன்னீங்களே, அவளுக்குக் குறையாதே. அவ என்ன எழுதியிருக்கா?

— ரெண்டுதான். நீ "அப்போ?"ன்னு கேட்டப்பவே அவ பேப்பரை எடுத்துக் குறைச்சுட்டேன்.